கையால் செய்யும் புகையிலை பைப்புக்கு எந்த மரம், ஏன் அந்த விலை?

வீட்டில் கிடக்கும் ஈட்டிக் கட்டையைக் கொடுத்துச் செய்யச் சொன்னால் மலிவாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். பைப்பில் புகையிலை எரியும் கிண்ணத்தில் கனல் நேராகப் படும். எண்ணெய்ப் பசையுள்ள மரம் கருகினால் அந்தப் புகையும் உங்கள் தொண்டைக்குள்தான் போகும்.

19ஆம் நூற்றாண்டிலிருந்தே பைப்புக்கென்று நிலைத்த மரம் பிரையர். மத்தியதரைக் கடலோரத்தில் வளரும் எரிக்கா ஆர்போரியா என்ற புதரின் வேர்முண்டு. வெட்டிய துண்டுகளைப் பல மணி நேரம் வேகவைத்துச் சாறு இறக்கி, மாதக்கணக்கில் (சிலர் ஆண்டுக்கணக்கில்) உலரவிடுவார்கள். விலையில் ஒரு பங்கு இந்தக் காத்திருப்புக்கு.

முண்டின் வெளிப்பக்கத் துண்டு பிளாட்டோ, உள்பக்கத்தது எபோஷோன். பிளாட்டோவில் ரேகை நேராக ஓடும், விலையும் எகிறும். கடையும்போது மணல்குழி (மரத்தில் இயல்பாக இருக்கும் சிறு பள்ளம்) தட்டுப்பட்டால் மேற்பரப்பில் மணல் வீசிச் சொரசொரப்பாக்கி, விலையைக் குறைத்து விற்பார்கள். புகைப்பதில் குறையே இருக்காது. நானாக இருந்தால் அதைத்தான் வாங்குவேன்.

மீதிக் காசு வாய்க்குழலுக்கு. எபோனைட் (கெட்டியாக்கிய ரப்பர்) தண்டைப் பல்லில் உறுத்தாத அளவுக்குக் கையால் அராவி எடுப்பது பொறுமையைச் சோதிக்கும் வேலை. அச்சில் வார்த்த குழல் என்றால் தயங்காமல் பேரம் பேசுங்கள். செர்ரி மரம் மலிவு. ஆனால் கிண்ணத்தின் சுவரைத் தடிப்பாக வைக்கச் சொல்லுங்கள்.