மங்கும் சிவப்பு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 43. மூன்று ஆண்டுகளாக இரவுகளில் வாட்டர் கலரில் படம் வரைகிறேன். யாரிடமும் கற்றுக்கொண்டதில்லை. சில மாதங்களாக எதுவுமே தோன்றவில்லை. பிடித்த ஓவியங்கள், புகைப்படங்கள் என்று இரண்டாயிரத்துக்கு மேல் செல்பேசியில் சேர்த்திருக்கிறேன். அவற்றைப் பார்த்தாலும் கை ஓடவில்லை. உந்துதல் எங்கிருந்து வரும்? முறையாகப் பயிலாதவர் தன்னை ஓவியர் என்று சொல்லிக்கொள்ளலாமா? பொழுதுபோக்குக்கு வரைபவன் என்பதால் சிறுவர் கலர் பெட்டியும் சாதாரண வெள்ளைத் தாளும்தான் வைத்திருக்கிறேன். எனக்கு அதுவே அதிகம். படம் ஒன்று இணைத்திருக்கிறேன்.

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஜன்னலோரம் ஒரு நாற்காலி, அதன் மேல் சுருட்டிப் போட்ட துண்டு. துண்டின் மடிப்பில் விழும் நிழலுக்குக் கருப்பை அப்பாமல், நீலத்தையும் காவியையும் கலந்து ஒரு சாம்பல் நிறம் கொண்டுவந்திருக்கிறீர்கள். யாரும் சொல்லித்தராமல் இதைக் கண்டுபிடித்திருக்கிறீர்கள். மனம் நிறைந்தது. ஆனால் சரியாக அதே இடத்தில் தாள் உப்பி, இழை பிரிந்து, கலர் திட்டுத்திட்டாக நிற்கிறது. சரிசெய்யலாம் என்று இரண்டு மூன்று முறை பிரஷ்ஷால் தேய்த்திருப்பீர்கள். வரவில்லை என்றதும் உங்கள் கையை நொந்துகொண்டிருப்பீர்கள். கையில் ஒரு குறையும் இல்லை. குறை தாளில்.

ஓவியர் என்று சொல்லிக்கொள்ளலாமா என்ற கேள்வியில் எனக்கு ஆர்வமில்லை. ஆன்ரி ரூசோ பாரிஸ் நகருக்குள் வரும் சரக்குக்கு வரி வசூலிக்கும் ஊழியராக இருந்தவர். 1893ல், 49 வயதில், வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் வரைய உட்கார்ந்தார். அடர்ந்த காடுகளாக வரைந்து தள்ளினார், ஆனால் பிரான்ஸைத் தாண்டிப் போனதில்லை. தாவரவியல் பூங்காவும் படப் புத்தகங்களும்தான் அவருடைய காடு. தாகூர், கையெழுத்துப் பிரதியில் தான் அடித்த வரிகளை ஒன்றோடொன்று இணைத்து உருவங்களாக்கிப் பார்த்தார். அது வளர்ந்து 1930ல் பாரிஸில் கண்காட்சியே வைத்தார், அப்போது வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. போதுமா? இனி இந்தக் கேள்வியை யாரிடமும் கேட்காதீர்கள்.

உந்துதல் பற்றி. இரண்டாயிரம் படம் எதற்கு? சேர்த்துவைப்பது வரைவது ஆகாது. பத்தை வைத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடுங்கள். அந்தப் பத்தையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், ஒவ்வொன்றாக நகலெடுத்து வரையுங்கள். வான்கோ 27 வயதில்தான் ஓவியராவது என்று முடிவெடுத்தார். பயிற்சிக்கென்று வெளியான அச்சுப்படத் தொகுப்பு ஒன்றை எடுத்து, முதல் தாளிலிருந்து கடைசித் தாள்வரை திரும்பத் திரும்ப நகலெடுத்தார். கடைசிக் காலத்திலும், தனக்கு முந்தைய பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் படங்களைத் தன் கலரில் மறுபடி வரைந்துகொண்டிருந்தார். நகலெடுக்கும்போது கை ஒரு இடத்தில் தடுக்கும். அடுத்த படம் அங்கேதான் இருக்கிறது.

சரி, இனி எனக்குக் கோபம் வந்த இடத்துக்கு வருகிறேன். "எனக்கு அதுவே அதிகம்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் அதிகம்? மூன்று வருஷம் தூக்கத்தைக் கொடுத்திருக்கிறீர்கள். அந்த இரவுகளுக்கு மரியாதை வேண்டாமா? இதைப் பணிவு என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நாளைக்கு என் படம் இல்லாமல் போனாலும் பரவாயில்லை என்று இன்றைக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்குப் பெயர் பணிவா?

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். இருபது வயதில் அம்மாவை வரைந்தேன். ஊசியில் நூல் கோக்க, ஊசியின் காதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தாள். மடியில் ரோஜா நிறத் துணி. அந்த நிறம் துணியிலிருந்து ஏறி அவள் தாடையில் லேசாகப் படிந்திருந்தது. கலர் வாங்கத் தோன்றவில்லை. எழுதுகிற மைகளே வீட்டில் நாலைந்து நிறத்தில் கிடந்தன, அவற்றை நீர்விட்டுக் கரைத்துத் தீட்டினேன். நன்றாக வந்தது. இன்றுவரை அதைவிட நன்றாக நான் வரைந்ததில்லை. சட்டம் போட்டு ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினேன். தினமும் பார்க்கிற படம் மாறுவது கண்ணுக்குத் தெரியாது. அம்மா போன பிறகு ஒருநாள் துடைப்பதற்காகச் சட்டத்தைக் கழற்றினேன். துணி வெள்ளையாக இருந்தது. தாடையில் ஒன்றுமே இல்லை. சட்டத்தின் விளிம்புக்கு அடியில் மறைந்திருந்த கால் அங்குலத்தில் மட்டும் அந்த ரோஜா நிறம் அன்று தீட்டியது போலவே இருந்தது. அப்போதுதான் எவ்வளவு போயிருக்கிறது என்று புரிந்தது.

எழுதும் மையில் இருப்பது பெரும்பாலும் சாயம். வெளிச்சம் பட்டுப்பட்டுச் சாயம் சிதைந்துவிடும். வான்கோவுக்கே இது நடந்தது. 1888ல் வரைந்த படுக்கையறைப் படத்தில் சுவர் ஊதா நிறம், கடிதத்தில் அவரே அப்படித்தான் எழுதுகிறார். இன்று பார்த்தால் நீலம். ஊதாவுக்காகக் கலந்த சிவப்பு மங்கிவிட்டது, நீலம் தங்கிவிட்டது. 1890ல் தீட்டிய ரோஜாக்கள் இளஞ்சிவப்பாக இருந்தவை, இப்போது ஏறக்குறைய வெள்ளை. ஆனால் அந்தச் சிவப்பு மங்கும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் எடுத்தார். எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. நான் சொல்லும் வித்தியாசம் இவ்வளவுதான்.

உயர்ந்த சரக்கு வாங்குங்கள் என்று சொல்வதாக நினைக்காதீர்கள். ஆல்ஃபிரட் வாலிஸ் இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில் மீனவராக இருந்தவர். 1922ல் மனைவி இறந்தபின், எழுபது வயதை ஒட்டி, தனிமைக்குத் துணையாக வரையத் தொடங்கினார். கையில் கிடைத்த அட்டைத் துண்டுகள், படகுக்குப் பூசும் பெயிண்ட், விரல்விட்டு எண்ணக்கூடிய நிறங்கள். கோணலான அட்டையைச் சதுரமாக வெட்டமாட்டார், அந்தக் கோணலுக்குள்ளேயே கப்பலைப் பொருத்துவார். சில இடங்களில் கலரே பூசாமல் அட்டையின் நிறத்தையே விட்டுவைப்பார். அட்டைதான், ஆனால் அந்த அட்டையை அவர் பார்த்திருக்கிறார். நீங்கள் உங்கள் தாளை ஒருமுறையாவது வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்ததுண்டா?

வாட்டர் கலர் தாளுக்கு ஜெலட்டின் போன்ற பசை ஏற்றியிருப்பார்கள். அதனால்தான் தண்ணீர் உடனே உள்ளே இறங்காமல் மேலே நிற்கிறது, உங்களுக்கு யோசிக்க நேரம் கிடைக்கிறது. பருத்திக் கூழில் செய்த, சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாளில், நீங்கள் கண்டுபிடித்த அதே நீலத்தையும் காவியையும் கலந்து பூசிப் பாருங்கள். நீலம் அல்ட்ராமரைன் என்றால் அதன் துகள் தாளின் குழிகளில் போய் உட்காரும், காவி பர்ன்ட் சியன்னா என்றால் அது மேட்டில் தங்கும். காயக் காய, சாம்பலுக்குள்ளேயே நீலம் ஒருபக்கமும் காவி ஒருபக்கமும் பிரிவது தெரியும். துண்டின் நிழல் மூச்சுவிடும். சாதாரணத் தாளில் ஆயுள் முழுக்கத் தேய்த்தாலும் இது வராது.

பெரிய பெட்டி வேண்டாம், நாலு டியூப் போதும். ஒவ்வொன்றின் பின்பக்கமும் பொடி எழுத்தில் நிறமியின், அதாவது கலருக்கு நிறம் தரும் பொருளின், குறி இருக்கும், அதைப் படியுங்கள். பிபி 29 என்றால் அல்ட்ராமரைன், வெளிச்சத்துக்கு அசையாது. பிஆர் 83 என்றால் அலிசரின் கிரிம்சன். அழகான சிவப்பு, ஆனால் மங்கும். அதற்குப் பதில் பிவி 19, க்வினாக்ரிடோன் ரோஸ் எடுத்துக்கொள்ளுங்கள். குறியே போடாத கலரை நம்பாதீர்கள்.

அப்புறம் ஒரு வேலை. உங்களிடம் இருக்கும் எல்லாக் கலரையும் ஒரே தாளில் விரல் அகலப் பட்டைகளாகப் பூசுங்கள். பாதிப் பட்டையைக் கருப்புத் தாளால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் ஒட்டுங்கள். மூன்று மாதம் தொடாதீர்கள். அதுவரை அந்தப் பத்துப் படங்களை நகலெடுத்துக்கொண்டிருங்கள். பிறகு கருப்புத் தாளை உரித்து இரண்டு பாதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். ரோஜா நிறம் என்ன ஆனது என்பதை முதலில் எழுதுங்கள்.

அன்புடன்