வளைகோடுகள் ஏன் வெட்டிக்கொள்வதில்லை?

கேள்வி: இரண்டு சமநோக்கு வளைகோடுகள் ஒன்றையொன்று வெட்டமாட்டா என்று பாடநூல் சொல்கிறது. இது மனிதர்களின் இயல்பா, வரைபடத்துக்காகச் செய்துகொண்ட ஏற்பாடா? (பொருளியல் மாணவி, கும்பகோணம்)

பதில்: ஏற்பாடுதான், ஆனால் காரணமுள்ள ஏற்பாடு. ஒரே வளைகோட்டின் புள்ளிகள் எல்லாம் நுகர்வோருக்கு ஒரே அளவு நிறைவைத் தரும் பண்டத் தொகுதிகள். இரண்டு கோடுகள் வெட்டும் புள்ளியில் 2 இட்லியும் 4 வடையும் இருப்பதாகக் கொள்ளுங்கள். முதல் கோட்டின் வழியே இறங்கினால் 4 இட்லி, 2 வடை. இரண்டாவதின் வழியே இறங்கினால் 5 இட்லி, 3 வடை. இரண்டு தட்டுகளும் வெட்டுப்புள்ளிக்குச் சமம் என்பதால் தமக்குள்ளும் சமமாக இருந்தாக வேண்டும். ஆனால் ஒரு தட்டில் இரண்டு பண்டமுமே கூடுதலாக இருக்கும்போது சமம் என்று எப்படிச் சொல்வது? இந்த முரண்பாடுதான் நிரூபணம்.

இதற்குத் தேவைப்பட்ட எடுகோள்கள் இரண்டே: கூடுதல் பண்டமே மேல் என்பது ஒன்று, கடப்புப் பண்பு (முதலாவது இரண்டாவதற்கும், இரண்டாவது மூன்றாவதற்கும் சமமானால், முதலாவதும் மூன்றாவதும் சமம் என்பது) மற்றொன்று. வளைகோடு ஆதிப்புள்ளியை நோக்கிக் குவிந்திருப்பதற்கு இதில் வேலையே இல்லை; தேர்வுத்தாளில் அதையும் காரணமாக எழுதிவிடாதீர்கள்.

நீங்கள் ஐயப்படவேண்டிய இடம் கடப்புப் பண்பு. 1934-இல் பொருளியலாளர்கள் ஹிக்ஸும் ஆலனும் பயன்பாட்டை (பண்டம் தரும் நிறைவை) எண்ணால் அளக்கும் முயற்சியைக் கைவிட்டு, விருப்பங்களின் வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு தேவைக் கோட்பாட்டைக் கட்டியெழுப்பியதால், அந்த வரிசையில் முரண் இல்லை என்ற நம்பிக்கையே முழுப் பாரத்தையும் தாங்க வேண்டியதாயிற்று. 1956-இல் கணித உளவியலாளர் டங்கன் லூஸ் கடப்புப் பண்பின்மீது கேள்வி எழுப்பினார். ஒரு சர்க்கரைக் கட்டியின் எடையில் தொடங்கி, நூறில் ஒரு பங்காகக் கூட்டிக்கொண்டே ஐந்து கட்டிகளின் எடைவரை 401 கோப்பைக் காபி கலப்பதாக வைத்துக்கொள்வோம். அடுத்தடுத்த இரு கோப்பைகளுக்கிடையே நாக்குக்கு வேறுபாடு தெரியாது. ஆகவே அவை சமம். இச்சமத்தைச் சங்கிலியாகக் கோத்துக்கொண்டே போனால் முதல் கோப்பையும் கடைசிக் கோப்பையும் சமமாகிவிடும். ஆனால் ஒரு கட்டியை விரும்புகிறவர் ஐந்து கட்டி போட்டதை வாயில் வைக்கமாட்டார்.

ஆக, ‘சமம்’ என்னும் சொல்லுக்கு இங்கே இரண்டு பொருள்கள் உண்டு: ஒரே நிறைவைத் தருவது, வேறுபாடு புலப்படாதது. பாடநூல் முதல் பொருளையே எடுத்துக்கொள்கிறது. இரண்டாவதை எடுத்துக்கொண்டால், சமமான தொகுதிகள் மெல்லிய கோடாக அமையாமல் அகன்ற பட்டையாக அமையும். அத்தகைய பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படியவும் செய்யும்.