மகள் கேட்பது கம்யூனிட்டி மெடிசின், வீடு கேட்பது சர்ஜரி

திருச்சியிலிருந்து ஒரு அப்பா எழுதியிருக்கிறார். மகள் எம்.பி.பி.எஸ். முடித்து மேற்படிப்புக்கான நீட் பி.ஜி. தேர்வும் எழுதிவிட்டாள். ‘சர்ஜரி, ஆர்த்தோ தவிர எதையும் எடுக்காதே’ என்கிறார்கள் மாமாவும் சித்தப்பாவும். அரசு இடம் கிடைக்காவிட்டால் நிலத்தை விற்று மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ப்பதாக முடிவு. மகளுக்கோ ஹவுஸ் சர்ஜனாக (பயிற்சி மருத்துவராக) இருந்தபோதே தூக்கம் கெட்டுவிட்டது. கம்யூனிட்டி மெடிசின், அதாவது சமூக மருத்துவம் போகிறேன் என்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது என்று பயமாக இருக்கிறதாம் அவருக்கு.

ஐயா, உங்கள் பயம் புரிகிறது. ஆனால் ‘மூணு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டா போதும்’ என்று உறவினர்கள் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ரெசிடென்ட் மருத்துவர்களுக்கு, அதாவது மருத்துவமனையில் வேலை பார்த்தபடியே மேற்படிப்பு படிப்பவர்களுக்கு, வாரம் 48 மணி நேர வேலை என்று மத்திய அரசு 1992-லேயே சொல்லிவிட்டது. 2024-ல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு, 74 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, வாரம் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று பரிந்துரைத்தது. 48 என்றிருந்ததை 74-க்குள்ளாவது நிறுத்துங்கள் என்று கேட்கும் நிலையில்தான் வார்டுகள் இருக்கின்றன. விதியை நம்பி மகளை அனுப்பாதீர்கள். எந்தக் கல்லூரியானாலும் அங்குள்ள இரண்டாம் வருட பி.ஜி.யிடம் கேளுங்கள்: நைட் டியூட்டி முடிந்த காலையில் வீட்டுக்கு அனுப்புகிறார்களா? யூனிட்டில் எத்தனை பேர்?

இப்போது அவள் சொல்லும் படிப்புக்கு வருவோம். இதுவும் மூன்று வருட எம்.டி.தான். ஆரம்ப சுகாதார நிலையம், நகர்ப்புற மையம், கிராமங்களில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு, டெங்குவோ மஞ்சள்காமாலையோ பரவினால் எந்தத் தண்ணீரில், எந்தத் தெருவில் தொடங்கியது என்று தேடிப்போவது, அப்புறம் புள்ளியியல். வேலை உண்டு, ஆனால் பெரும்பாலும் பகலில். நம் மாநிலத்தில் இதற்கு ஆழமான வேர் இருக்கிறது. சென்னை மாகாணப் பொது சுகாதாரச் சட்டம் 1939-ல் வந்தது, பொது சுகாதாரத்துக்கென்றே தனி இயக்குநரகம் இயங்குகிறது. எல்லா மருத்துவக் கல்லூரிகளிலும் இந்தத் துறை இருந்தாக வேண்டும் என்பதால் ஆசிரியர் பணி உண்டு. அம்பத்தூர் பக்கம் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இருக்கிறது. உலக சுகாதார அமைப்பின் நோய்க் கண்காணிப்புப் பணிகளுக்கும் ஆள் எடுக்கிறார்கள். சர்ஜன் அளவுக்குத் தனி கிளினிக் வருமானம் வராது, அதை மறைக்க மாட்டேன்.

பணத்தில் நான் கறாராகவே சொல்கிறேன். நிலத்தை விற்காதீர்கள். பாதியில் விலகினால் அபராதம் கேட்கும் கல்லூரிகள் உண்டு. அந்தப் பயத்திலேயே முடியாத நிலையிலும் டியூட்டி பார்க்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கவுன்சலிங்கில் சாய்ஸ் பட்டியலை அவளே நிரப்பட்டும். சித்தப்பாவிடம் நீங்கள் பேசிக்கொள்ளுங்கள். தூக்கம் இன்னும் திரும்பவில்லை என்றால், அதற்கு முன்பே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம்.