குதிரைக்கு யார் தீனி போடுவது?

கேள்வி: நாங்கள் ஐந்து பேர் வாரம் ஒருமுறை கூடி ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடுகிறோம் (ஆளுக்கொரு பாத்திரமாகி, பேசியும் பகடை உருட்டியும் கதையை நகர்த்தும் விளையாட்டு). குழுவில் ஒருவர் வெல்டர். போன வாரம் ஆட்டத்தில் டிராகன் நெருப்பைக் கக்கிவிட்டுப் போன இரும்புக் கதவைத் திறக்கப் போனேன். “தொடாதீங்க, சிவப்பு போயிட்டாலும் சூடு போயிருக்காது” என்று தடுத்துவிட்டார். அதிலேயே அரை மணி நேரம் கரைந்தது. வேலையை மறக்கத்தானே ஆட வருகிறோம்? நான் கிடங்கில் இருப்புக் கணக்கு எழுதுபவன். அதை நான் மேசைக்குக் கொண்டுவருகிறேனா?

பதில்: கொண்டுவரவில்லை என்பதுதான் என் வருத்தம்.

முதலில் அந்த வெல்டருக்கு ஒரு நன்றி சொல்லிவிடுங்கள். இரும்பு சிவந்திருக்கும்போது யாரும் கை வைக்க மாட்டார்கள். சிவப்பு தணிந்து கறுத்த பிறகுதான் கை பொத்துப்போகும். பட்டறையில் நிற்பவர் இதை உள்ளங்கையால் படித்திருப்பார். கதவு எத்தனை அடி தாங்கும் என்பதற்கு விதிப்புத்தகத்தில் எண் இருக்கும், இது இருக்காது. சரி, அந்த அரை மணி நேரம் என்ன செய்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லையே? ஆறட்டும் என்று காத்திருந்தீர்களா, தண்ணீர் தேடினீர்களா, டிராகன் திரும்பிவிடுமோ என்று ஒருவர் காவல் நின்றாரா? அப்படியென்றால் ஆட்டம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

வேலையை மறப்பது பற்றிச் சொல்கிறீர்கள். 1974-இல் இந்த விளையாட்டைக் கொண்டுவந்த இருவரில் ஒருவரான கேரி கைகாக்ஸ், அதற்கு முன் இன்சூரன்ஸ் கம்பெனியில் அண்டர்ரைட்டராக இருந்தவர். எந்த ஆபத்து எவ்வளவு அடிக்கடி வரும், அதற்கு என்ன விலை என்று பார்ப்பதுதான் அந்த வேலை. விஷத்துக்கு ஒரு கணக்கு, வழியில் எதிர்ப்படும் மிருகத்துக்கு ஓர் அட்டவணை என்று அவருடைய விதிப்புத்தகங்களைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு அந்த ஆபீஸ் மேசைதான் ஞாபகம் வருகிறது. (இது என் ஊகம். ஆனாலும் விடமாட்டேன்.) 1977-இல் ‘டிராவலர்’ விளையாட்டை உருவாக்கிய மார்க் மில்லர் ராணுவத்தில் இருந்தவர். அதில் உங்கள் பாத்திரம் பார்த்த உத்தியோகத்தை நான்கு நான்கு ஆண்டாகப் பகடை உருட்டித்தான் பாத்திரமே பிறக்கிறது. பணியிலிருக்கும்போதே, ஆட்டம் தொடங்கும் முன்பே, செத்தும் போகலாம்!

எங்கள் குழுவில் ஒரு நர்ஸ் உண்டு. ஒருநாள் ஆட்டத்தில் எங்களோடு வந்த வீரனின் வயிற்றில் அம்பு பாய்ந்தது. “பிடுங்கு” என்றோம் எல்லாரும். அவர் பகடையைத் தொடவே இல்லை. “பிடுங்கினா ரத்தம் நிக்காது. இப்போ அந்த அம்புதான் அடைச்சிட்டிருக்கு. அசையாம கட்டுங்க” என்றார். என் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவி மேசையில் செங்குத்தாக நிறுத்தி, கைக்குட்டையைச் சுருட்டி இரண்டு பக்கமும் அணை கொடுத்துக் காட்டினார். குணமாக்கும் மந்திரம் தெரிந்தவர் இருந்த மடம் மூன்று நாள் நடை. கதையை நடத்தும் கேம் மாஸ்டர் மெதுவாக, “பாதை கொஞ்சம் கரடுமுரடு” என்றார். தூக்கிப் போகிறவர் இடறும்போதெல்லாம் ஒரு பகடை. மூன்று வாரம் அந்த ஒரு பயணம்தான் ஆடினோம். அதற்கு முன்னும் பின்னும் கொன்ற பூதங்களில் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை.

என் தொழிலும் சும்மா இருப்பதில்லை. ஆட்டத்தில் அரசரின் ஓலை வந்தால் முதலில் எழுத்துப்பிழைதான் கண்ணில் படும். ஒருமுறை அப்படி ஒரு பிழையைப் பிடித்து, இது போலி ஓலை என்று அடம்பிடித்தேன். அது கேம் மாஸ்டரின் சொந்தப் பிழை. மனுஷர் பெருந்தன்மையோடு மந்திரியைத் துரோகியாக்கிவிட்டார்.

உங்கள் எரிச்சலிலும் ஒரு நியாயம் உண்டு. பக்கத்திலிருப்பவர் இருபது முகப் பகடையை உருட்டி, 20 விழுந்து, பூட்டைத் திறந்துவிட்டார். அப்போது பூட்டுத் தொழில் தெரிந்தவர் குறுக்கே வந்து “அந்தக் கம்பியால அது திறக்கவே திறக்காது” என்றால் அவரைச் சும்மா இருக்கச் சொல்லுங்கள். விழுந்த பகடையை ரத்து செய்ய யாருடைய அனுபவத்துக்கும் உரிமை இல்லை. உங்கள் வெல்டர் செய்தது அதுவா? நீங்கள் கை வைக்கும் முன்னால் சொன்னார்.

இனி உங்கள் கிடங்குக்கு வருவோம். நீங்கள் ஆடும் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு விதிப்படி 50 காசு ஒரு பவுண்டு எடை. டிராகன் குகையில் 10,000 தங்கக் காசு கிடைத்தால் 200 பவுண்டு, அதாவது சுமார் 90 கிலோ. “எடுத்துக்கொண்டோம்” என்று ஒரே வரியில் முடித்திருப்பீர்கள். யார் தூக்கினீர்கள்? குதிரை என்றால், அதற்கு நாளொன்றுக்குச் சுமார் 10 கிலோ தீனி வேண்டும். முற்றுகையிட்ட கோட்டைக்குள் மாட்டிக்கொண்டால் எத்தனை மூட்டை, எத்தனை வாய், எத்தனை நாள்? ஏட்டில் இருப்பது மூட்டையில் இல்லையென்றால் அது எலியின் வேலையா, மனிதன் வேலையா என்று மூட்டையைப் பார்த்தே சொல்ல உங்களால் முடியும். உங்கள் கேம் மாஸ்டரால் முடியாது.

அடுத்த முறை கோட்டைக்குள் போனதும் தளபதியிடம் தானியக் கிடங்கின் சாவியைக் கேளுங்கள். அப்படியே கணக்குப் புத்தகத்தையும்.