உண்டியல் கணக்கும் கொடை ராத்திரியும்

கேள்வி: நான் எழுதி அண்ணன் மெட்டுப் போட்ட பாட்டு ஒன்று ஸ்பாட்டிஃபையில் 40,000 தடவை ஓடிவிட்டது. வந்த காசு வீட்டோடு போய் ஓட்டலில் ஒரு வேளை சாப்பிடக் காணாது. மிச்சத்தை யார் எடுக்கிறார்கள்?
- வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: ஒரு தடவை ஓடினால் இவ்வளவு என்று அங்கே விலையே கிடையாது. கோயில் உண்டியல் மாதிரிதான். மாதச் சந்தா, விளம்பரக் காசு எல்லாம் ஒன்றாக விழும், அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை, மொத்தம் ஓடியதில் யார் பாட்டு எவ்வளவு ஓடியது என்று பார்த்து உரிமைக்காரர்களுக்குப் பிரிப்பார்கள். உங்கள் மச்சான் மாதம் முழுக்க உங்கள் பாட்டை மட்டுமே கேட்டாலும் அவர் கட்டிய சந்தா நேரே உங்களுக்கு வராது. நம் நாட்டில் சந்தாவும் குறைவு, ஓசியில் கேட்கிற கூட்டமும் பெரிசு, உண்டியலே சின்னது. இது போக, முந்தைய 12 மாதத்தில் 1,000 தடவையாவது ஓடாத பாட்டுக்கு 2024 முதல் ஒலிப்பதிவுக்கான காசே இல்லை.

நீங்கள் கோட்டை விட்ட காசு வேறு இடத்தில் இருக்கிறது. ஒலிப்பதிவுக்கு ஒரு உரிமை, பாட்டு வரிக்கும் மெட்டுக்கும் இன்னொரு உரிமை. பாட்டை ஏற்றிவிட்ட டிஸ்ட்ரிபியூட்டர் தருவது முதலாவதற்கு மட்டும்தான். இரண்டாவதை வசூலித்துத் தருவது ஐ.பி.ஆர்.எஸ். என்கிற இந்தியன் பெர்ஃபார்மிங் ரைட் சொசைட்டி. பாட்டு எழுதுகிறவர்கள், மெட்டுப் போடுகிறவர்களுக்காக 1969-லிருந்து இருக்கிற சங்கம், நம் பக்கம் பேரே தெரியாது. நீங்களும் அண்ணனும் தனித்தனியாகச் சேர்ந்து பாட்டைப் பதிந்துவையுங்கள். ஏதாவது கம்பெனி "ராயல்டி முழுக்க எங்களுக்கே" என்று பத்திரம் நீட்டினால் கையெழுத்துப் போட அவசரப்பட வேண்டாம். எழுதியவர், மெட்டமைத்தவரின் சரிபாதிப் பங்கை 2012 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் அப்படி எழுதி வாங்க முடியாது.

கேள்வி: ஆடி மாசக் கோயில் கொடையில் நாங்கள் பாடிய வில்லுப்பாட்டை யாரோ ஒரு பையன் செல்போனில் பிடித்து யூடியூப்பில் போட்டுவிட்டான். லட்சம் பேர் பார்த்தாயிற்று. எங்களுக்கு என்ன பிரயோஜனம்?
- வாசகி, சங்கரன்கோவில்

பதில்: சுடலைமாடன் கதை ஊருக்கே பொது, ஆனால் நீங்கள் பாடியது உங்களுடையது. உங்களைக் கேட்காமல் பதிவு செய்து வெளியிடக் கூடாது என்று சட்டமே சொல்கிறது, புகார் கொடுத்தால் இறக்கலாம். நானாக இருந்தால் இறக்க மாட்டேன். அந்தப் பையனைப் பிடித்து, வீடியோவுக்குக் கீழே குழுவின் போன் நம்பரைப் போடச் சொல்வேன். அட்வான்ஸ் கொடுக்க வருகிற ஊர்க்காரர்கள் இப்போது போனில் பார்த்துவிட்டுத்தானே வருகிறார்கள்.

அப்புறம் சொந்தமாகச் சேனல் தொடங்குங்கள். யூடியூப்பில் விளம்பரக் காசு வர 1,000 சந்தாதாரர்களும் 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். மூணு நிமிஷப் பாட்டுக்காரர்கள் அந்த 4,000-ல்தான் முக்குகிறார்கள். உங்களுக்கென்ன, ராத்திரி உடுக்கையை எடுத்தால் விடியத்தானே வைக்கிறீர்கள்! மும்பை தாராவியில் இருக்கிற நம் சனம் 2,000 பேர் ஆளுக்கு 2 மணி நேரம் கேட்டால் முடிந்தது.

ஒன்றே ஒன்று, நடுச்சாமத்தில் கூட்டம் தூங்கி விழும்போது சினிமா மெட்டில் ஒன்றை எடுத்துவிடுவீர்களே, அதை வெட்டிவிட்டு ஏற்றுங்கள். இல்லையென்றால் வீடியோவின் விளம்பரக் காசு மொத்தமும் அந்தப் பாட்டுக் கம்பெனிக்குப் போய்விடலாம். "வில்லிசைக் குழுவுக்கு 101 ரூபாய் அன்பளிப்பு" என்று பேர் பேராக மைக்கில் வாசிப்பதை மட்டும் வெட்டாதீர்கள். பாதிச் சனம் அதைக் கேட்கத்தான் பார்க்கும்.