நாற்பத்தேழு கேள்விகள்

கேள்வி: காப்பித் தோட்ட நிழல் மரங்களைப் பற்றிய என் ஆய்வுக் கட்டுரையை மதிப்பீட்டாளர்கள் இருவரும் ஏற்றுக்கொண்டார்கள். அதன்பிறகும் இதழின் எடிட்டர் 47 கேள்விகளோடு திருப்பி அனுப்பியிருக்கிறார். பட்டியலை இணைத்துள்ளேன். பணம் கட்டினால் பத்தே நாளில் அப்படியே போடும் இதழ்கள் இருக்கின்றன. அங்கே கொடுத்துவிடலாமா?
– ஆய்வு மாணவி, ஏற்காடு

பதில்: வேண்டாம் கண்ணு. 47 கேள்விகளையும் உட்கார்ந்து படித்தேன். உன் கட்டுரையை இவ்வளவு பொறுமையாக இன்னொருவர் படிப்பாரா என்பது சந்தேகமே.

11ஆம் கேள்வியைப் பார். சில்வர் ஓக் மரங்கள் நான்காம் பக்கத்தில் 128, அட்டவணையில் 182. எது சரி என்கிறார். 19ஆம் கேள்வி அதைவிட ஆழமானது: மிளகுக்கொடி ஏற்றிய மரங்களைத் தனியாக எண்ணினீர்களா? மிளகு காய்க்கிற மரத்தைத் தோட்டக்காரர் லேசில் வெட்டமாட்டார். அந்தக் கணக்கைப் பிரித்தால் உன் முடிவுரையே வேறாகலாம். மதிப்பீட்டாளர் இருவருக்கும் தோன்றாத கேள்வி இது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். வேதியியல் ஆசிரியையாக இருந்தபோது, 1988இல், சேலம் கருப்பூர்ப் பக்கம் வெள்ளைக்கல் (மக்னீசியம் உள்ள மேக்னசைட் கனிமம்) சுரங்கங்களை அடுத்த கிணறுகளின் நீரைச் சோதித்து எழுதினேன். வந்ததை வந்தபடி அச்சடிக்கும் ஓர் இதழில் கொடுத்தேன். லிட்டருக்கு 38.5 மில்லிகிராம் மக்னீசியம் என்பது 385 ஆகிவிட்டது. ஒரு புள்ளிதான் விழுந்தது. மூன்றாண்டு கழித்து வேறொருவரின் கட்டுரையில் என் பெயரோடு அந்த 385ஐப் பார்த்தேன். அன்றிரவு தூக்கமில்லை. அவருக்குக் கடிதம் போட்டேன், வருத்தத்தோடு பதிலும் எழுதினார். ஆனால் நூலகங்களுக்குப் போய்விட்ட பிரதிகளை யார் திருத்துவது? "இந்த எண் சரியா?" என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும்.

நம் ஊர்க்காரர் ஒருவரையும் சொல்ல வேண்டும். 1880இல் கும்பகோணத்துக்கு முன்சீபாகப் போன சேலம் இராமசாமி முதலியார், தம்மைப் பார்க்க வந்த உ.வே.சாமிநாதையரிடம் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று விசாரித்தார். ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ் என்று அடுக்கினார். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்றார். ஐயர் அதுவரை படித்ததில்லை. அங்கே தொடங்கி, ஏடுகளை ஒப்பிட்டு, ஏட்டுக்கு ஏடு மாறும் பாடபேதங்களைக் குறித்துவைத்து, விளங்காத சமணச் செய்திகளைச் சமணர்களிடமே போய்க் கேட்டு, 1887இல் அச்சில் கொண்டுவந்தார். தாமாக ஊகித்து நிரப்பியிருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும். எனக்கு எடிட்டர் என்றால் ஐயர் முகம்தான் நினைவுக்கு வரும்.

47க்கும் பதில் எழுது. ஒத்துக்கொள்ள முடியாத இடத்தில் காரணத்தைச் சொல், நல்ல எடிட்டர் கேட்டுக்கொள்வார். உன்னைக் கேட்காமலே வாக்கியத்தை மாற்றுகிறவரிடம்தான் சண்டை போட வேண்டும். முதலில் களக்குறிப்பேட்டை எடுத்து 19ஆம் கேள்விக்கு உட்கார்.

கேள்வி: பிழைதிருத்தும் மென்பொருள் வந்த பிறகும் எடிட்டர் தேவையா?
– கல்லூரி ஆசிரியர், அம்மாபேட்டை

பதில்: ஒற்று விடுபட்டால் மென்பொருள் காட்டட்டும், நானும் பயன்படுத்துகிறேன். மேலே உள்ள மாணவியின் கட்டுரையில் 128, 182 இரண்டுமே பிழையில்லாத எண்கள்தான். எது உண்மை என்று அறிய அவளைத்தான் கேட்க வேண்டும். அவளும் தோட்டத்துக்குப் போய் மறுபடி எண்ண வேண்டியிருக்கலாம்.