ஸ்வீடன் சோசலிச நாடா, முதலாளித்துவ நாடா?

"ஸ்வீடனைப் போல இங்கும் அரசே எல்லாவற்றையும் நடத்தினால் என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதோ தொலைக்காட்சி விவாதத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே அரசு எல்லாவற்றையும் நடத்தவில்லை. வால்வோ, எரிக்சன், எச் அண்ட் எம் எல்லாம் தனியார் கம்பெனிகள். இந்தியாவில் 1948லேயே வந்த குறைந்தபட்ச ஊதியச் சட்டம் மாதிரி ஒன்றுகூட அங்கே கிடையாது.

அப்படியானால் கூலியை யார் முடிவு செய்கிறார்கள்? எல்.ஓ. என்ற தொழிற்சங்கக் கூட்டமைப்பும் முதலாளிகள் சங்கமும் 1938ல் ஸ்டாக்ஹோம் அருகே உள்ள சால்ட்ஷேபாடனில் உட்கார்ந்து, வேலைநிறுத்தம், கதவடைப்பு, பேச்சுவார்த்தை எல்லாவற்றுக்கும் முறை வகுத்துக்கொண்டன. அரசு சட்டம் போட்டு உள்ளே வந்துவிடக் கூடாது என்பதில் இரு தரப்புக்கும் அக்கறை இருந்தது. இன்றும் பத்தில் ஒன்பது தொழிலாளர்கள் தொழிற்சங்கமும் முதலாளியும் போட்டுக்கொள்ளும் ஏதோ ஒரு கூட்டு ஒப்பந்தத்துக்குள் வருகிறார்கள்.

சூட்சுமம் 1951ல் எல்.ஓ. மாநாட்டில் வைக்கப்பட்ட ரேன்–மெய்ட்னர் திட்டத்தில் இருக்கிறது; ரேன், மெய்ட்னர் இருவரும் எல்.ஓ.வின் பொருளாதார நிபுணர்கள். ஒரு கணக்குப் போடுவோம். ஒரே வேலைக்கு மணிக்கு 40 குரோனர் (ஸ்வீடன் நாணயம்) கொடுக்கும் தெம்பு ஒரு ஆலைக்கு உண்டு, இன்னொன்றுக்கு 24தான் முடியும். ஒப்பந்தக் கூலி எல்லோருக்கும் 30. நலிந்த ஆலை நவீனமாக வேண்டும், இல்லாவிட்டால் மூட வேண்டும். அரசு மானியம் கொடுத்துத் தூக்கி நிறுத்தாது. வலுவான ஆலைக்கோ மணிக்கு 10 மிச்சம், அதைப் போட்டு விரிவாக்கி ஆள் எடுக்கும். வேலை போனவருக்கு அரசு உதவித்தொகை தந்து, வேறு தொழில் பழக்கி, வேலை இருக்கும் ஊருக்குப் பெயரச் செலவும் கொடுக்கும். இந்தக் கடைசிப் பகுதியை விட்டுவிட்டு முதல் பகுதியை மட்டும் செய்தால் மிஞ்சுவது வேலையின்மை. கடைசிப் பகுதியை மட்டும் செய்தால் கஜானா காலி. கூடவே அரசு வரவுசெலவில் கை இறுக்கமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விலைவாசி ஏறிக் கூலி ஒப்பந்தத்தையே தின்றுவிடும்.

திட்டத்தில் ஓட்டையும் உண்டு. அந்த 10 குரோனர் மிச்சம் கடைசியில் பங்குதாரர் கையில்தானே சேர்கிறது? 1976ல் மெய்ட்னரே இதற்கு மருந்து சொன்னார்: பெரிய கம்பெனிகள் லாபத்தில் ஒரு பகுதியைப் புதுப் பங்குகளாகத் தொழிலாளர் நிதிக்கு எழுதித் தர வேண்டும். முதலாளிகள் 1983 அக்டோபர் 4 அன்று ஸ்டாக்ஹோம் தெருவில் ஊர்வலமே போனார்கள். நீர்த்துப்போன சட்டம் ஒன்று நிறைவேறியது; அதன்படி வந்த நிதிகளும் 1990களின் தொடக்கத்தில் கலைக்கப்பட்டன. உடைமையில் கைவைக்கப் போன இடத்தில்தான் இந்த ஏற்பாடு முட்டி நின்றது. வேடிக்கை என்னவென்றால், 1970களின் இறுதியில் நொடித்த கப்பல் கட்டும் தளங்களை அரசுடைமையாக்கியது சோசலிஸ்ட் அல்லாத கூட்டணி!

வரிக்கு வருகிறேன். "பணக்காரரிடம் பிடுங்கிக் கொடுக்கிறார்கள்" என்பது பாதிதான் சரி. கம்பெனி லாப வரி 20.6%தான். பரம்பரைச் சொத்து வரியை 2004லும் செல்வ வரியை 2007லும் எடுத்தேவிட்டார்கள். சாதாரணத் தொழிலாளி கழிவுகள் போக வருமானத்தில் உள்ளாட்சி வரி சராசரி 32% கட்டுகிறார். அவர் சம்பளத்துக்கு மேல் முதலாளி 31.42% சமூகப் பங்களிப்பு கட்டுகிறார். பெரும்பாலான பொருள்களுக்கு விற்பனை வரி 25%. ஆக, கிடைக்கும் சேவைக்குப் பெரும்பகுதி அவரே கட்டுகிறார். இதைச் சொன்னால் என்னை வலதுசாரி என்பார்கள், மேலே கூலியைப் பற்றிச் சொன்னதற்கு இடதுசாரி என்பார்கள்; இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

கேட்காத ஒன்று: அங்கேயும் அரசு மதுக்கடை உண்டு, பெயர் சிஸ்டம்போலாகெட். சனிக்கிழமை மாலை 3 மணிக்குப் பூட்டு, ஞாயிறு விடுமுறை. குடியைக் குறைக்கத்தான் ஏகபோகம், வருமானத்துக்கு அல்ல. 2003 முதல் சில்லறை விற்பனையைக் கையில் வைத்திருக்கும் நம் டாஸ்மாக்கின் தீபாவளி வசூல் ஆண்டுதோறும் செய்தியாவதைப் பார்க்கும்போது எரிச்சல்தான் வருகிறது.

அரசின் பங்கு எவ்வளவு என்பதற்குத் தற்கால உதாரணம் டெஸ்லா. கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்ததால் 2023 அக்டோபரில் ஐ.எஃப். மெட்டல் என்ற தொழிற்சங்கம் அதன் பணிமனைகளில் வேலைநிறுத்தம் தொடங்கியது. துறைமுகத் தொழிலாளர்கள் கார்களை இறக்க மறுத்தார்கள், தபால் ஊழியர்கள் வண்டி எண் பலகைகளைக் கொண்டுபோக மறுத்தார்கள். ஆதரவு வேலைநிறுத்தம் அங்கே சட்டப்படி செல்லும். அரசின் சமரச அலுவலகம் ஆள் அனுப்பியது. கையெழுத்துப் போடு என்றோ வேலைக்குத் திரும்பு என்றோ அரசு சட்டம் போடவில்லை.